படத்தில் விழாத தழும்பு

போன மாதம் ஒரு விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக ஹட்டன் கடைத்தெருவில் படம் எடுக்கப் போனேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் என்னை உட்கார வைத்து எடுத்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து வருவதற்குள் திரையில் என் முகத்தைத் துடைத்தும் முடித்திருந்தாள். நெற்றிக் கோடுகளைக் காணவில்லை. கண்ணுக்குக் கீழே தொங்குகிற பைகளும் இல்லை. என் தம்பி மகன் மாதிரி ஒருத்தன் திரையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, என் வயசுல பாதியைக் காணோம்?"

"நல்லா இருக்குல்ல ஐயா? எல்லாருக்கும் இப்படித்தான் செய்றோம். யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா பாத்தா சந்தோஷப்படுவாங்க."

"பழைய மூஞ்சி போனது போனதுதானா?"

"அதெல்லாம் போகாது" என்று சிரித்துவிட்டு ஒரு விசையைத் தட்டினாள். கோடு, பை, காதோரத்துக் கறுப்பு மச்சம் எல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன. நான் அந்த விசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "மேலுக்கு முடியலையா ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்கிற அளவுக்கு நின்றிருக்கிறேன்.

இந்த ஊரிலேயே ஒரு ஸ்டூடியோவில் பதினேழு வருஷம் மற்றவர்களின் முகத்தைத் திருத்துவதே என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் சொல்ல நினைத்ததைக் கடையில் ஆள் நின்றதால் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷம் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஹட்டனுக்கு வந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற வரிசைக்கு, நிற்காமல் எங்கேயாவது ஒதுங்கினால் போதும் என்பதுதான் என் லட்சியம். நல்லையா முதலாளியின் ஸ்டூடியோவில் ஒதுங்கினேன். முதல் வருஷம் தட்டுக் கழுவினேன். இரண்டாவது வருஷம் இருட்டறையில் மருந்து கலக்கினேன். மூன்றாவது வருஷம் முழுக்கப் பென்சில் சீவினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊசியைப் போல, ஊசியைவிட நீளமாகக் கூர் வரவேண்டும். உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்க்கும்போது கடைசி நேரத்தில் முனை ஒடியும். மறுபடி முதலிலிருந்து.

அந்தக் காலத்தில் படம் முதலில் ஒரு கண்ணாடித் தகட்டில் விழும். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெளிச்சமாகவும் மாறி விழும். அந்தத் தகட்டைச் சாய்வு மேசையில் பொருத்தி, கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, சன்னல் வெளிச்சம் தகட்டுக்குள் ஏறி வருகிற மாதிரி திருப்பி வைப்போம். ஆளுடைய முகத்தில் கரும்புள்ளியோ சுருக்கமோ இருந்தால் தகட்டில் அந்த இடம் வெறும் கண்ணாடியாகத் தெரியும். அதைப் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால் காகிதத்தில் புள்ளி மறைந்துவிடும். மினுங்குகிற இடம் என்றால் கதை வேறு. தகட்டில் அது கறுத்துத் தடித்துக் கிடக்கும். அதைப் பென்சில் ஒன்றும் செய்யாது. கத்தியால் தகட்டின் மேலிருக்கிற மருந்துத் தோலை மெல்லச் சுரண்ட வேண்டும்.

நல்லையா முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வாடிக்கைக்காரர் முன்னால் எங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பிழை கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய பிழை. மேசையில் என்னை முதன்முதலாக உட்கார வைத்த அன்று இரண்டே இரண்டு விஷயம் சொன்னார்.

"தம்பி, ஏழெட்டு நாளில தானாப் போறதை நீர் எடும். பரு, சிரங்கு, அட்டை கடிச்ச காயம். ஆயுசுக்கும் நிக்கிறதை அந்த ஆளைக் கேட்டிட்டு எடும்."

"சரிங்க முதலாளி."

"மற்றது, பென்சில் பிழைச்சா பஞ்சால துடைக்கலாம். கத்தி பிழைச்சா ஆளைத்தான் திரும்பக் கூப்பிட வேணும். கத்தி எடுக்கிறதெண்டா என்னட்டக் கேளும்."

அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் சொன்னதை எல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் வரும். ஒரு தையல்காரர், "மூக்கைக் கொஞ்சம் உள்ள தள்ளி விடுங்க, மிச்சத்தை நான் சமாளிச்சுக்கிறேன்" என்பார். ஒரு கிழவி, "வயசைக் குறைச்சிறாதீங்க சாமி, அப்புறம் மருமக பயப்படமாட்டா" என்றாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற ஒரு தகப்பன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "கறுப்பைக் குறைங்க தம்பி, ஆனா கல்யாணத்தன்னிக்கு ஆள் மாறிப் போச்சுன்னு சண்டை வராத அளவுக்குக் குறைங்க" என்றார். இவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வருஷம் முழுக்க மழையிலும் பனியிலும் நின்று தோல் வெடித்தவர்கள். ஆயுசில் ஒரு தடவை படம் எடுக்கிறார்கள். அதில் கொஞ்சம் தெளிவாக இருக்க ஆசைப்படக்கூடாதா?

பெரியசாமிக் கங்காணியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முகம் பூராவும் அம்மைத் தழும்பு. கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து, "எல்லாத்தையும் எடுத்துருப்பா" என்றார். மூன்று நாள் பென்சில் பிடித்துத் தழும்பு முழுவதையும் எடுத்துவிட்டேன். படம் வாங்க அவருடைய சம்சாரமும் வந்திருந்தார். அந்தம்மா படத்தை எட்டிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆளு நல்லாத்தான் இருக்காரு" என்றார். "ஆனா முன்ன பின்ன தெரியாத ஆம்பளைப் படத்தை நான் எப்படிங்க வீட்டுல மாட்டுறது?"

"உனக்கு ஏண்டி வயிறு எரியுது?" என்றார் கங்காணி.

"எரியல. என் புருசனைக் கொண்டாந்து குடுத்துட்டு இவரை அனுப்பி விடுங்கன்னு சொல்றேன்."

முதலாளி கண்ணாடியைச் சின்னதாக ஒரு துடை துடைத்தார். தகட்டை எடுத்துப் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நான் போட்ட பென்சிலில் பாதியைத் துடைத்தார். மறு பிரதியில் தழும்பும் இருந்தது, முகமும் தெளிவாக இருந்தது. கங்காணிக்கும் திருப்தி, சம்சாரத்துக்கும் திருப்தி. பென்சில் வேலை என்பதால்தான் அது சிரிப்போடு முடிந்தது.

இதெல்லாம் நடந்து ஐந்தாறு வருஷத்தில் எனக்குக் கொஞ்சம் பேர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள், "அழகாக்குற தம்பி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு படியேறுவார்கள். கேட்கக் கேட்க எனக்கு இனிக்கும். முதலாளி சொன்ன இரண்டு விஷயத்தில் இரண்டாவதை நான் மறக்கவில்லை. முதலாவதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தேன். எனக்குத் தெரியாததா, இதைப் போய் எதற்குக் கேட்பது என்று ஆகிவிட்டது.

அப்படி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ராக்கம்மா வந்தார்.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம். முப்பத்தைந்து வயது இருக்கும். கூட அவருடைய நாத்தனார் செல்லாயி வந்திருந்தார். ராக்கம்மாவின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் சூடு பட்ட பழைய தழும்பு. தோல் இழுபட்டு, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். செல்லாயிதான் பேசினார்.

"இவங்க அம்மா இந்தியாவுல முசிறிப் பக்கம் ஊரோட போயிருச்சுங்க, இவங்க தம்பி கூட. இப்ப கால் வீங்கிப் படுத்துருச்சாம். மகளைப் பாத்துட்டாப் போதும்னு காயிதம் வந்திருக்கு. பாஸுக்குச் சின்னப் படம் ரெண்டு, அம்மாவுக்கு அனுப்பப் பெரிய படம் ஒண்ணு."

அந்தப் பாஸைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் நினைத்த நேரம் தலைமன்னாரில் கப்பல் ஏறுவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றாகிவிட்டதால், இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வரப் படம் ஒட்டிய கடுதாசி வேண்டும். அது இல்லாமல் போகிறவர் அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். ராக்கம்மாவுக்கு இங்கே புருஷனும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். பாஸ் வந்தால்தான் தாயைப் பார்க்கலாம். அதுவும் தாய் இருக்கிறபோதே வரவேண்டும்.

முதலாளி தங்கை மகள் கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். கடை என் பொறுப்பு. நானே படம் எடுக்க நின்றேன். ராக்கம்மாவை உட்கார வைத்து, தழும்பு தெரியாதபடி வலது கன்னம் முன்னால் வருகிற மாதிரி திருப்பினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் இடது கன்னம் தெரிகிறது. திரும்பி உட்கார்ந்திருக்கிறார். மறுபடி போய்த் திருப்பினேன். மறுபடியும் அப்படியே.

"இந்தப் பக்கம் தெரியட்டும் தம்பி" என்றார் தாழ்ந்த குரலில்.

இடது மூக்கில் புது மூக்குத்தி இருந்தது. செல்லாயியுடையது, அன்றைக்குப் படத்துக்காக இரவல் கொடுத்தது. அது படத்தில் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். "சரிங்க அக்கா" என்று எடுத்துவிட்டேன். பாஸ் படம் என்பதால் இரண்டு காதும் தெரிகிற அளவுக்கு முகம் நேராகத்தான் இருந்தது, ஆனால் இடது பக்கம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

தகட்டைக் கழுவிக் காயவைத்து மேசையில் ஏற்றினேன். கன்னத்தில் அந்தத் தழும்பு கறுத்த ஆறு மாதிரி ஓடியது. பென்சிலுக்கு அங்கே வேலையே இல்லை. முதலாளியைக் கேட்க வேண்டும் என்பது நினைவு இருந்தது, அவர்தான் ஊரில் இல்லையே. கத்தியை எடுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, என் ஆயுசில் நான் செய்த கத்தி வேலையில் அதுதான் நல்ல வேலை. கத்தி முனையைப் படுக்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரு தடவைக்கு ஒரு மயிரளவு. மூச்சு விடும்போது கையைத் தூக்கிவிட வேண்டும். மத்தியானம் மூடுபனி இறங்கி வெளிச்சம் செத்துவிடும், அதனால் காலையில் மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக மூன்று நாள். சுரண்டின இடம் தெரியாமல் இருக்கக் கடைசியில் மேலே பென்சில். வலது கன்னம் எப்படியோ அப்படியே இடது கன்னமும். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு பெண்ணுடைய இத்தனை வருஷத்துத் துன்பத்தை மூன்று நாளில் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். படத்தைக் கொடுத்தேன். செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடி ஆத்தா. மதினி, நீ இப்படியா இருக்க? எங்கண்ணனுக்கு இதைக் காட்டக் கூடாது. தலைகால் புரியாது."

ராக்கம்மா சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். விரலால் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

"இது படத்துல விழாதுங்களா தம்பி?"

அவர் அதுவரை படம் எடுத்ததில்லை. தழும்பு படத்தில் பதியாது போலிருக்கிறது என்று நிஜமாகவே கேட்கிறார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நம்ம கடைப் படத்துல விழாதுங்க அக்கா."

சிரித்துக்கொண்டே சொன்னேன். பெரிய சாமர்த்தியம் பேசிவிட்டதாக நினைப்பு. அவர், "அப்படிங்களா" என்றார். படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். பெரிய படம் அந்த வாரமே முசிறிக்குப் போய்விட்டது. சின்னப் படம் இரண்டும் விண்ணப்பத்தோடு கொழும்புக்குப் போனது.

ஐந்து வாரம் கழித்து அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நேரே கடைக்கு வந்தார். கையில், கொழும்பிலிருந்து திரும்பி வந்த ராக்கம்மாவின் விண்ணப்பம். முதலாளியும் இருந்தார். "அங்க அடையாளம்" என்ற இடத்தில் கணக்கப்பிள்ளை அழகான கையெழுத்தில், இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு. படமும் அடையாளமும் பொருந்தவில்லை, வேறு படம் அனுப்பவும் என்று குறிப்பு.

"நானும் பார்க்காம அனுப்பிட்டேன்" என்றார் கணக்கப்பிள்ளை. "ஆள மாத்தி அனுப்புறோம்னு நெனைக்கிறான். கெழவி அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்குது. இன்னொரு படம் சீக்கிரமா எடுத்துக் குடுங்க."

முதலாளி தகட்டைக் கேட்டார். சன்னலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். சாய்த்துப் பிடித்தால் சுரண்டின இடம் பள்ளமாகத் தெரியும். "கத்தி" என்றார், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். கணக்கப்பிள்ளை போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளையைக் கேட்டனீரோ?"

"இல்லைங்க முதலாளி."

"அவ வரேக்க நடந்ததை நீரே சொல்லும். படத்தையும் நீரே எடும்."

ராக்கம்மா வந்த அன்று மழை விட்டு லேசாக வெளிச்சம் இருந்தது. முதலாளி சற்றுத் தள்ளி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவேண்டிய நேரம்.

"போன தடவை படம் சரியா விழலீங்க அக்கா. அதான் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றேன்.

முதலாளியின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போவதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். வாடிக்கைக்காரர் முன்னால் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ராக்கம்மாவிடம்தான் பேசினார்.

"எந்தப் பக்கம் தெரியவேணும் பிள்ளை?"

"இந்தப் பக்கங்கய்யா" என்று தழும்பைத் தொட்டார். "எனக்கு நாலு வயசுல அம்மா கஞ்சி வடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் ஓடிப்போய்க் கையில முட்டிட்டேன். அம்மா என் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் அழுவும். நான் பெரியவளாகி, கல்யாணம் முடிச்சு, பிள்ளை பெத்த பொறகும் காலையில எந்திரிச்சா மொதல்ல இந்த எடத்துல பெருவிரலை வச்சு ஒரு தடவு தடவும். அப்புறந்தான் மத்த வேலை. ஊருக்குப் போறப்ப ரயில் சன்னல் வழியாக் கைய நீட்டி, ரயில் நகருற வரைக்கும் இதைத்தான் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. படம் போனா அம்மா இதைத்தான் தேடும். அதான் அன்னைக்கும் இந்தப் பக்கம் காட்டினேன். விழாம போச்சு."

கறுப்புத் துணிக்குள் என் தலை இருந்தது. நல்லவேளை என்று இருந்தது. மூக்குத்தி என்று நினைத்தேனே. இரண்டு தடவை திரும்பி உட்கார்ந்தாரே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் படத்தை எடுத்து முடித்தேன். தகட்டில் பென்சில்கூட வைக்கவில்லை. மூன்றாம் நாள் முதலாளி தானே பஸ் ஏறி, படத்தைக் கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிறகு தினமும் தபால்காரர் வந்தால் வெளியே எட்டிப் பார்ப்பேன். கொட்டகலைப் பக்கத்து ஆள் யார் வந்தாலும், "ராக்கம்மாவுக்குப் பாஸ் வந்திருச்சா?" என்று கேட்பேன். "உங்களுக்கு என்ன உறவு?" என்று ஒருத்தர் கேலி செய்தார்.

பாஸ் வந்தது. அந்த வாரமே முசிறியிலிருந்து கடிதமும் வந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ராக்கம்மா தனியாகக் கடைக்கு வந்தார். முதலாளி உள்ளே இருட்டறையில் இருந்தார். ராக்கம்மா பாஸை மேசையில் வைத்தார். புதுக் கடுதாசி. அதில் தழும்போடு அவர் முகம். பிறகு கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

"கணக்கப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு. நீங்களும் ஒருக்கா படிங்க தம்பி. படத்தைப் பத்தி எழுதியிருக்கு."

தம்பிக்காரன் எழுதின கடிதம். முதல் வரியிலேயே அம்மா தவறிவிட்டது என்று இருந்தது. பிறகு படத்தைப் பற்றி. படம் வந்த அன்று அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துக் கையில் கொடுத்தார்களாம். அம்மா கன்னத்தில் பெருவிரலை வைத்துத் தடவிப் பார்த்ததாம். வெளிச்சத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி மறுபடியும் பார்த்ததாம். படத்தில் அதெல்லாம் விழாது என்று அக்கா எழுதியிருக்கிறதே என்று இவன் சொல்லியிருக்கிறான். அம்மா கேட்கவில்லையாம். "என் கை பட்ட எடத்தை அழிச்சுட்டு அனுப்பியிருக்கா. அவளுக்கு இன்னும் மனசு ஆறல" என்று சொன்னதாம். அதற்குப் பிறகு மகளை வரச்சொல்லிக் கேட்கவில்லையாம்.

நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு குனிந்திருந்தேன். வெளியே ஸ்டேஷனில் கொழும்பு ரயில் வந்து நின்று, திரும்பப் புறப்பட்டும் போய்விட்டது.

"அக்கா" என்றேன். "படத்துல விழாம இல்லைங்க. விழுந்துச்சு. நான்தான் கத்தியால சுரண்டி எடுத்தேன்."

அவர் என்னையே பார்த்தார்.

"ரெண்டு தடவையும் பொய் சொன்னேன்" என்றேன்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"நல்லா இருக்கும்னு."

ராக்கம்மா மேசையில் கிடந்த பென்சில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"எங்கம்மா மட்டும் வேணும்னேவா ஊத்துச்சு?" என்றார். "இதைச் சின்னப் பிள்ளையிலேருந்து அதுக்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். கடைசி வரைக்கும் நம்பல. நேர்ல போய் ஒருவாட்டி சொன்னா நம்பும்னு இருந்தேன்."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது எடுத்தது இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அதுல பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க. தம்பிக்கு அனுப்புறேன். மொதப் படத்தை அம்மா கூடவே வச்சுப் பொதச்சுட்டாங்களாம். இதை அந்த எடத்துல வச்சு ஒரு வெளக்காவது ஏத்தட்டும்."

இருக்கச் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனேன். முதலாளி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நகர்ந்து இடம் விட்டார். மருந்துத் தட்டில் காகிதம் மெல்ல மெல்லக் கறுத்துவர, முதலில் கண்கள் வந்தன, பிறகு மூக்கு, கடைசியாக இடது கன்னம். தாடைக்குப் பக்கத்தில் தூசி விழுந்து ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. எந்தப் படத்திலும் வருகிறதுதான், தூரிகையால் மை தொட்டு மறைத்துவிடுவோம். முதலாளி தூரிகையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் அந்த மேசையில் பல வருஷம் இருந்தேன். கடைசி வருஷங்களில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, ஊரே இந்தியாவுக்குப் போகப் படம் எடுக்க வரிசையில் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும், "எந்தப் பக்கம் தெரியணும்? எதை எடுக்கணும், எதை வைக்கணும்?" என்று கேட்டேன். "இதென்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி இத்தனை கேள்வி?" என்பார்கள். எடுக்கச் சொன்னதைப் பென்சிலால் எடுத்தேன். கத்தியை முதலாளியிடமே கொடுத்துவிட்டேன். யாருக்கு எவ்வளவு திருத்தலாம் என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கணக்குத் தெரியாது. ராக்கம்மாவிடம் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அன்றைக்குப் படம் காய ஒரு மணி நேரம் ஆனது. ராக்கம்மா அதுவரை அந்தப் பெஞ்சிலேயே இருந்தார். காய்ந்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெருவிரலை எடுத்து, படத்தில் இருந்த தன் கன்னத்தில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு முறை தடவினார்.

"இப்ப விழுந்திருக்குல்ல தம்பி?"

"விழுந்திருக்குங்க அக்கா."

"அம்மாவுக்குத் தெரியும்ல?"

மேசையில் கிடந்த பாஸையும் கடிதத்தையும் எடுத்து அவரிடம் கொடுத்தேன்.